டியூப் வழியே பால் குடிக்கும் குழந்தை தவழத் தொடங்கும்போது

என் மகளுக்கு எட்டரை மாதம் நடந்துகொண்டிருந்தது. பெரம்பூர் வீட்டுக் கூடத்தில் ஒரு வியாழக்கிழமை காலை முதன்முதலாக முழங்காலில் எழுந்தாள். முன்னும் பின்னும் இரண்டு முறை ஆடினாள். மூன்றாம் முறை வலது முழங்காலை எடுத்து முன்னே வைத்தாள். அது வயிற்றிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த டியூபின் மேல் ஏறிவிட்டது. உடம்பு முன்னே போயிற்று, டியூப் பின்னால் நின்றுவிட்டது. அவள் அலறினாள். துளையின் ஓரத்தில் ரத்தம் கசிந்தது. டியூபின் உள்முனையில் இருந்த தண்ணீர் பலூன் இரைப்பைக்குள் பிடித்துக்கொண்டதால் டியூப் வெளியே வரவில்லை.

அதன் பிறகு பதினோரு நாள் அவளைத் தரையில் விடவே இல்லை. மடி, தூளி, தலையணை சுற்றிய கட்டில், இவ்வளவுதான் அவள் உலகம். அடுத்த முறை பிசியோதெரபிஸ்டிடம் போனபோது அவர் அவளைக் குப்புறப் படுக்க வைத்தார். கை ஊன்றவே மறந்தவள்போல் கிடந்தாள். "டியூபைக் கட்டியிருக்க வேண்டும். நீங்கள் குழந்தையைக் கட்டிவைத்திருக்கிறீர்கள்" என்றார் அவர். அன்று எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவர் சொன்னது முழுக்க உண்மை.

மூக்கிலோ வயிற்றிலோ டியூபோடு குழந்தையை இப்போதுதான் வீட்டுக்கு அழைத்து வந்திருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. ஐந்து மாதம் மூக்கு டியூப், அதன் பிறகு வயிற்று டியூப் என்று இரண்டையும் வீட்டில் வைத்துப் பார்த்த தாய். உங்கள் அறுவை மருத்துவர் சொன்னதற்கும் நான் சொல்வதற்கும் வேறுபாடு இருந்தால் அவர் சொன்னதையே செய்யுங்கள்.

முதலில் உங்கள் குழந்தையின் டியூபைத் தெரிந்துகொள்ளுங்கள்

சென்னை மருத்துவமனைகளில் எல்லாவற்றையும் பொதுவாக "ஃபீடிங் டியூப்" என்று சொல்லிவிடுவார்கள். தவழும் குழந்தைக்கு எது ஆபத்து என்பது டியூபுக்கு டியூப் மாறும்.

மூக்கு வழியே இரைப்பைக்குப் போவது ரைல்ஸ் டியூப், அல்லது சிறு குழந்தைகளுக்கான மெல்லிய ஃபீடிங் டியூப். உள்ளே அதைப் பிடித்துவைக்க எதுவும் கிடையாது. கன்னத்தில் ஒட்டிய டேப்தான் அதன் ஒரே பிடி. முழுவதும் வெளியே வந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியும், அதனால் அது பெரிய ஆபத்து அல்ல. பாதி நழுவி, முனை உணவுக்குழாயிலோ மூச்சுக்குழாயிலோ நிற்பதுதான் பயம். அந்த நிலையில் பால் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும்.

வயிற்றில் துளையிட்டு வைப்பதில் பல வகை உண்டு. பெக் டியூப் ஒன்று. பல இடங்களில் சிறுநீருக்குப் போடும் ஃபோலி கத்தீட்டரையே வயிற்றில் வைத்துவிடுவார்கள். மேலிகாட் என்ற வகையும் உண்டு. இவை முக்கால் முழமாவது வெளியே தொங்கும். என் மகளுக்கு இருந்தது ஃபோலி. இவற்றில் ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. இழுபட்டால் வெளியே வரும். தளர்வாக விட்டால் குடல் அசைவு பலூனை உள்ளே இழுத்து, இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாயை அடைத்துவிடும், குழந்தை வாந்தியாக எடுக்கும். அதனால் தோலை ஒட்டி டியூபில் ஒரு மார்க்கர் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடு அன்றாடம் அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது பல் துலக்குவதுபோல் பழகிவிட வேண்டும்.

ஃபோலியில் இரண்டு வாய் இருக்கும். ஒன்று பாலுக்கு. மற்றொன்று உள்ளே இருக்கும் பலூனுக்குத் தண்ணீர் ஏற்ற. பலூன் வாயைச் சுற்றிச் சிவப்பு டேப் ஒட்டுங்கள். நீங்கள் சமையலறையில் இருக்கும்போது உதவிக்கு வந்த சித்தியோ பெரியம்மாவோ தவறான வாயில் பாலோ மருந்தோ ஏற்றிவிடக் கூடாது.

மூன்றாவது வகை பட்டன். தோலோடு தட்டையாக, சட்டைப் பொத்தான் அளவுக்கு இருக்கும். பால் ஊற்றும்போது மட்டும் நீட்சிக் குழாயை மாட்டி, முடிந்ததும் கழற்றிவிடலாம். தவழும் குழந்தைக்கு இதைவிட வசதியானது இல்லை. விலை அதிகம், எல்லா மருத்துவமனையிலும் கிடைப்பதில்லை. ஆனாலும் துளை நன்கு ஆறிய பிறகு "பட்டனாக மாற்ற முடியுமா?" என்று ஒருமுறையாவது கேளுங்கள். நான் கேட்கவே நாலு மாதம் தயங்கினேன்.

மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை

வயிற்றில் துளையிட்டவுடன் குழந்தையைத் தரையில் குப்புறப் போட முடியாது. இரைப்பையும் வயிற்றுச் சுவரும் ஒட்டிச் சேர்ந்து அந்தப் பாதை உறுதியாகச் சில வாரங்கள் ஆகும். ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை மருத்துவர்கள் சொல்வார்கள். இது அறுவை செய்த முறையைப் பொறுத்தது. எனவே தேதியோடு கேளுங்கள்: எந்தத் தேதியிலிருந்து குப்புறப் படுக்க வைக்கலாம்? டியூபின் அளவு என்ன, பலூனில் எத்தனை மில்லி தண்ணீர் இருக்கிறது? வெளியே வந்துவிட்டால் நான் ஏதாவது செய்யலாமா, அல்லது தொடாமல் ஓடி வர வேண்டுமா? இரவு இரண்டு மணிக்கு வந்தால் யார் பார்ப்பார்கள்?

பதில்களை ஓர் அட்டையில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். பதற்றத்தில் எண்கள் நினைவுக்கு வராது.

தரைக்கு நேரம் குறிப்பது

பால் ஊற்றியதும் குழந்தையைக் குப்புறப் போட்டால் எதுக்களிக்கும். விழுங்கத் தெரியாத குழந்தைக்கு எதுக்களித்த பால் மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரும். எனவே பால் கொடுக்கும்போதும் அதன் பிறகு குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரமும் தலையும் மார்பும் உயர்ந்த நிலையில் இருக்க வேண்டும். தரைக்கு ஏற்ற நேரம் அடுத்த வேளைப் பாலுக்கு முந்தைய ஒரு மணி நேரம்.

எங்களுக்கு 3 மணி நேரத்துக்கு ஒரு முறை பால். காலை 9 மணிப் பால் 9.30க்கு முடியும். 10.30 வரை மடியில் சாய்ந்து பொம்மை, பாட்டு. 10.30 முதல் 11.45 வரை தரை. இப்படி ஒரு நாளில் மூன்று தரை நேரம் கிடைத்தது. மாலை தரை நேரத்துக்கு என் கணவர் வேலையிலிருந்து திரும்பிவிடுவார். அதுதான் நீளமானதாகவும் சிறந்ததாகவும் இருந்தது.

வயிற்று டியூப் உள்ள குழந்தைகளுக்கு இன்னொரு வேலை உண்டு. தரையில் விடுவதற்கு முன், பிஸ்டன் இல்லாத சிரிஞ்சை டியூபில் மாட்டி, வயிற்றுக்கு மேலே தூக்கிப் பிடித்து, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற விடுங்கள். எப்படிச் செய்வது என்று செவிலியரிடம் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். காற்று நிறைந்த வயிற்றின் மேல் படுக்க எந்தக் குழந்தையும் விரும்பாது. "குப்புறப் போட்டாலே அழுகிறாள்" என்று நான் புலம்பியதில் பாதிக்கு இதுதான் காரணமாக இருந்தது.

டியூபைக் கட்டுவது

இதில் பொறுமையாக நேரம் செலவிடுங்கள். மற்ற எல்லாம் இதைப் பொறுத்தவை.

மூக்கு டியூப் என்றால், கன்னத்தில் முதலில் தோலைக் காக்கும் மெல்லிய பட்டை ஒன்று, அதன் மேல் டியூப், அதன் மேல் டேப். பிறகு டியூபைக் காதின் மேலாகக் கொண்டுபோய் முதுகுப் பக்கம் சட்டைக்குள் இறக்குங்கள். மார்புப் பக்கம் தொங்கவிட்டால் குழந்தையின் கைக்கு எட்டும், தவழும்போது முழங்காலுக்கும் எட்டும். கழுத்தைச் சுற்றிக்கொண்டு போகக் கூடாது. காதிலிருந்து நேரே முதுகுக்கு இறங்க வேண்டும்.

சென்னையில் நாம் போராடுவது வியர்வையோடு. சித்திரை, வைகாசியில் ஒட்டிய மைக்ரோபோர் டேப் மாலைக்குள் உரிந்துவிடும். ஈரத் துணியால் கன்னத்தைத் துடைத்து, முழுக்க உலர்ந்த பிறகே ஒட்டுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பழக்கம் உள்ள வீடுகளில் இதைப் பெரியவர்களிடம் மரியாதையோடு, ஆனால் உறுதியாகச் சொல்லிவிட வேண்டும்: கன்னத்திலும் துளையைச் சுற்றியும் எண்ணெய் படவே கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு உள்ள தோலில் எந்த டேப்பும் நிற்காது. பவுடர், மஞ்சள், திருநீறு எதுவும் துளையின் மேல் வேண்டாம். டேப்பின் ஓரம் ஒரு பக்கம் தூக்கினாலும் அப்போதே மாற்றுங்கள். "குளிக்கும்போது மாற்றிக்கொள்ளலாம்" என்று விட்ட ஒருநாள் மதியம்தான் என் மகள் மூக்கு டியூபை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கையால் பிடுங்கிவிடுவாள் என்று கையுறை போட்டுவிடுவார்கள். தூங்கும்போது அது சரி. தரையில் இருக்கும்போது வேண்டாம். உள்ளங்கை தரையில் பட்டால்தான் ஊன்றக் கற்கும். துணியுறையோடு மொசைக் தரையில் கை வழுக்கும், முகம் தரையில் மோதும், டியூப் அழுந்தும். தரை நேரத்தில் கையுறையும் காலுறையும் கழற்றப்பட்டு, முழங்கால் வெறுமையாக இருக்கட்டும். கண்காணிப்பது நம் வேலை.

வயிற்று டியூப் என்றால், இழுவை துளையில் விழாமல் வேறோர் இடத்தில் விழும்படி செய்ய வேண்டும். டியூபைத் துளையிலிருந்து நாலு விரல் தள்ளி, விலாப் பக்கம், சிறு வளைவு விட்டு ஒட்டுங்கள். ஒட்டுவதில் ஒரு முறை உண்டு: டேப்பை டியூபைச் சுற்றிக் கொண்டுவந்து, டியூபுக்குக் கீழே இரண்டு பக்கமும் சேரும் இடத்தைக் கிள்ளிவிட்டு, மீதி இரண்டு சிறகையும் தோலில் ஒட்ட வேண்டும். அப்போது டியூப் தோலில் அழுந்தாது, உருண்டு நழுவாது. யாராவது இழுத்தாலும் முதலில் வளைவு நிமிரும், பிறகு டேப் இழுபடும். துளைக்கு இழுவை வந்து சேர்வதற்குள் நீங்கள் பார்த்துவிடுவீர்கள்.

மீதி நீளத்தைச் சுருட்டி மேலே ஒரு வயிற்றுப்பட்டை கட்ட வேண்டும். கடையில் விற்கும் எலாஸ்டிக் பட்டைகள் என் மகளுக்கு வேர்க்குருவைத்தான் தந்தன. கடைசியில் கைகொடுத்தது மாமனாரின் பழைய எட்டு முழ வேட்டி. பலமுறை துவைத்து மென்மையான பருத்தி. ஒன்றரைச் சாண் அகலத்தில் கிழித்து, இரண்டாக மடித்து, வயிற்றைச் சுற்றி ஒன்றரைச் சுற்று. முடிச்சு முதுகில் வரக் கூடாது, மல்லாக்கப் படுத்தால் உறுத்தும். இடது வயிற்றில்தான் பெரும்பாலும் துளை இருக்கும், எனவே முடிச்சு வலது விலாவில். ஊக்கு வேண்டவே வேண்டாம். பட்டைக்கும் வயிற்றுக்கும் இடையில் இரண்டு விரல் எளிதாகப் போக வேண்டும். பட்டைக்கு மேலே ஜப்லா அல்ல, கால்களுக்கு இடையில் பொத்தான் போடும் உடை. ஜப்லா தவழும்போது மேலேறி டியூபைத் திறந்துவிடும்.

டியூபின் முனையை டயப்பருக்குள் செருகும் பழக்கம் சிலருக்கு உண்டு. செய்யாதீர்கள். அசுத்தம் ஒரு காரணம். அவசரமாக டயப்பரை உருவும் கையோடு டியூபும் வந்துவிடும் என்பது இன்னொரு காரணம். முனை எப்போதும் மேல்நோக்கி, மார்புப் பக்கம் சுருட்டி இருக்கட்டும். மூடி இறுகியிருக்கிறதா, கிளாம்ப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூடி திறந்துகொண்டால் இரைப்பை அமிலம் தோலில் வழிந்து புண்ணாக்கும்.

அரைஞாண் கயிற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். டியூப் அதற்குள் மாட்டி இறுகியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கழுத்துச் சங்கிலி, தாயத்துக் கயிறு, கறுப்புக் கயிறு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். டியூப் இருக்கும்வரை கழற்றிப் பூஜை அறையில் வைத்துவிடுவோம் என்று என் மாமியாரிடம் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே கத்தரிக்கோலை எடுத்து வந்தார்.

பட்டன் உள்ள குழந்தைக்கு இவ்வளவு வேலை இல்லை. நீட்சிக் குழாயைக் கழற்றி, பட்டனின் மூடியைப் போட்டு, மேலே ஒரு மெல்லிய பட்டை. அவ்வளவுதான்.

தரை

பளபளக்கும் டைல்ஸும் கிரானைட்டும் வழுக்கும். வெறும் தரையில் விடுவதாக இருந்தால் பழைய மொசைக்கும் சிவப்பு சிமென்ட் தரையும்தான் நல்லவை. கோரைப்பாயில் வயிற்றுப்பட்டையின் ஓரம் சிக்கும். ஜமக்காளம் குழந்தையோடு சேர்ந்து நகர்ந்துவிடும். தடித்த மெத்தையில் கை புதையும், ஊன்ற வராது. ஒன்றோடொன்று கோத்துப் போடும் நுரைப் பாய்கள்தான் எங்களுக்குச் சரியாக வந்தன. கையைக் கொஞ்சம் பிடித்துக்கொடுக்கும், துடைக்கலாம், பால் சிந்தினாலும் கவலை இல்லை.

எல்லாக் குழந்தைகளுக்கும் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்: குத்துவிளக்கு, அரிவாள்மனை, கொசுவிரட்டி, பிளக் பாயின்ட். டியூப் குழந்தைக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் டியூபின் வளைவைப் பிடித்துக்கொள்ளும். நானும் குப்புறப் படுத்து, அவள் கண் உயரத்தில் கூடத்தைப் பார்த்தேன். நாற்காலிக் காலின் உடைந்த ரப்பர், இரும்பு அலமாரிக் கதவின் விளிம்பு, பீரோவின் சாவி, தையல் இயந்திரத்தின் மிதிகட்டை, ஃபேன் ஒயர். நின்று பார்த்தால் இவை ஒன்றுமே தெரியாது.

குப்புறப் படுப்பதிலிருந்து நகர்வது வரை

மருத்துவர் தேதி கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளே தரையில் வேண்டாம். நீங்கள் சாய்ந்து படுத்து, குழந்தையை உங்கள் மார்பின் மேல் குப்புறப் போடுங்கள். துளை எங்கே அழுந்துகிறது என்று உங்கள் உடம்புக்கே தெரியும். இரண்டு நிமிடம் போதும், ஒரு நாளில் நாலைந்து முறை.

நான்கைந்து நாளில் தரைக்கு வரலாம். குளியல் துண்டை உருளையாகச் சுருட்டி, குழந்தையின் அக்குளுக்குக் கீழே, மார்புக்குக் குறுக்கே வையுங்கள். கைகள் உருளைக்கு முன்னே வர வேண்டும். மார்பு உயர்வதால் மேல்வயிறு தரையில் படாது, டியூபும் அழுந்தாது. முன்னால் ஒரு கிண்ணமோ கண்ணாடியோ வையுங்கள். என் மகளுக்கு விலை உயர்ந்த பொம்மைகளைவிட எவர்சில்வர் டம்ளர்தான் பிடித்தது.

பிள்ளைத்தமிழில் காப்புக்கு அடுத்து வருவது செங்கீரைப் பருவம். ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, தலைநிமிர்ந்து குழந்தை ஆடும் பருவம் அது. நம் முன்னோர் இதை ஒரு பருவமாகவே தனித்துப் பார்த்திருக்கிறார்கள். நம் குழந்தைகளுக்கும் இந்த நிலை முக்கியம். வயிறு தரையைவிட்டு எழும் முதல் தருணம் இதுதான், துளையின் மேலிருந்து எடை நீங்கும் தருணமும் இதுதான். பல டியூப் குழந்தைகள் வயிற்றால் ஊர்வதைத் தவிர்ப்பார்கள், உறுத்தும் என்பதால். அவர்களை வற்புறுத்தி ஊர வைக்க வேண்டாம். இடுப்பை இரு கைகளாலும் பிடித்து, முழங்கால் இடுப்புக்கு நேர் கீழே வரும்படி வைத்து, மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டிக்கொடுங்கள். இடுப்பைப் பிடிக்க வேண்டும், வயிற்றைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது. தூக்கும்போதும் அப்படியே: ஒரு கை மார்புக்குக் கீழே, ஒரு கை பிட்டத்துக்குக் கீழே. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் அக்குளில் பிடித்து மேலே வீசிக் கொஞ்சுவார்கள். வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

உட்கார்ந்தபடியே பிட்டத்தால் நகரும் குழந்தையும் உண்டு. அதுவும் நகர்வுதான். கை, முழங்காலில் தவழ்வது 5.2 மாதத்திலிருந்து 13.5 மாதத்துக்குள் எப்போது வந்தாலும் இயல்பு என்கிறது, இந்தியா உள்பட 5 நாடுகளின் குழந்தைகளைப் பார்த்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வு. அதில் 4.3 சதவீதக் குழந்தைகள் கை, முழங்காலில் தவழவே இல்லை. இவர்கள் அனைவரும் நலமான குழந்தைகள். குறைமாதத்தில் பிறந்து, மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்த நம் குழந்தைகளுக்கு, பிறக்க வேண்டியிருந்த தேதியிலிருந்து கணக்கிட்டு, அதற்கு மேலும் அவகாசம் கொடுங்கள்.

பால் ஓடும்போது நகர்வது

பால் போய்க்கொண்டிருக்கும்போதே குழந்தையைத் தரையில் விடலாமா? என் பதில்: வேண்டாம். சிரிஞ்சில் ஊற்றுபவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. பம்பில் மணிக்கணக்காகப் பால் ஏற்றும் குழந்தைகளுக்குத்தான் சிக்கல். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 பிப்ரவரியில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பால் செலுத்தும் குழாய் கழுத்தில் சுற்றி, 2 வயதுக்கு உட்பட்ட 2 குழந்தைகள் 2021இல் இறந்திருந்தார்கள். நகரத் தெரிந்த குழந்தைக்கு நீளக் குழாய் ஒரு கயிறு.

எனவே பகலில் பம்பை நிறுத்திவைக்கும் இடைவெளியை மருத்துவரோடும் உணவு ஆலோசகரோடும் பேசித் தீர்மானியுங்கள். நிறுத்தவே முடியாதவர்கள், பால் ஓடும் நேரமெல்லாம் கைக்கெட்டும் தொலைவில் ஒரு பெரியவர் கண் எடுக்காமல் இருக்க வேண்டும். தொலைபேசியில் பேசிக்கொண்டே பார்ப்பது கணக்கில் சேராது. இரவில் குழாயை உடையின் கால் பக்கமாக வெளியே எடுத்து, பம்பைக் கால்மாட்டில் வையுங்கள். தலைமாட்டில் கூடாது. உபரி நீளம் கட்டிலுக்கு வெளியே சுருண்டு கிடக்கட்டும். இரவில் பம்ப் ஓடும் குழந்தைக்குத் தூளி வேண்டாம், ஆட்டும்போது குழாய் எங்கே போகிறது என்று தெரியாது.

டியூப் வெளியே வந்துவிட்டால்

மூக்கு டியூப் வந்துவிட்டால் குழந்தைக்கு உடனடி ஆபத்து இல்லை. அடுத்த வேளைப் பாலுக்குள் திரும்பப் போட வேண்டும், அவ்வளவுதான். பயிற்சி பெறாமல் நீங்களாகப் போடாதீர்கள். தரை நேரம் முடிந்த ஒவ்வொரு முறையும், மூக்கோரத்தில் டியூபின் மேல் போட்ட குறி அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பால் ஊற்றும் முன் சிரிஞ்சால் சிறிது உறிஞ்சி, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். காகிதத்தில் விட்டுப் பாருங்கள். பி.எச். 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இரைப்பையில் இருக்கிறது என்று கொள்ளலாம். காற்றை அடித்து ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் முறையை மட்டும் நம்பக் கூடாது, தவறான இடத்தில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். சந்தேகம் வந்தால் பால் ஊற்றாதீர்கள். பால் போகும்போது இருமினாலோ மூச்சுத் திணறினாலோ உதடு நீலம் பாரித்தாலோ உடனே நிறுத்தி, 108ஐ அழையுங்கள்.

வயிற்று டியூப் வந்துவிட்டால் கடிகாரத்தைப் பாருங்கள். துளை சில மணி நேரத்திலேயே சுருங்கி மூடத் தொடங்கும். சுத்தமான துணியை மேலே வைத்து, வெளியே வந்த டியூபையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அறுவை செய்து சில வாரங்களே ஆகியிருந்தால் எதையும் உள்ளே நுழைக்க முயலக் கூடாது, அது இரைப்பைக்கு வெளியே வயிற்றறைக்குள் போய்விடக்கூடும். பாதை நன்கு ஆறிய குழந்தைக்கு, மருத்துவர் முன்பே கற்றுக்கொடுத்திருந்தால் மட்டும், அதே அளவு அல்லது ஒரு அளவு சிறிய சுத்தமான கத்தீட்டரை அவர் சொன்ன ஆழத்துக்குச் செருகி, டேப் போட்டுத் துளையைத் திறந்து வைத்திருக்கலாம். சரியான இடத்தில் இருக்கிறது என்று மருத்துவமனையில் உறுதி செய்யும்வரை அதில் பால் ஊற்றக் கூடாது.

எங்களுக்கு இது ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பலூன் உள்ளே வெடித்திருந்தது. கையில் மாற்று டியூப் இல்லை. மாலை நெரிசலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. துளை சுருங்கியிருந்ததால் முதலில் சிறிய டியூபைப் போட்டு, அடுத்தடுத்த நாட்களில் மெல்ல மெல்லப் பெரிதாக்கினார்கள். அன்றிலிருந்து வாசலில் ஒரு பை தொங்குகிறது: மாற்று டியூப் இரண்டு, சிரிஞ்ச், காய்ச்சி வடித்த நீர், துணி, டேப், டிஸ்சார்ஜ் அட்டையின் நகல். பூங்கா நகர் நைனியப்ப நாயக்கன் தெருவின் சர்ஜிக்கல் கடைகளில் இவற்றைச் சேர்த்து வாங்கினோம். பால்கடைக்குப் போனாலும் பை கூடவே வரும். பலூனில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை எப்படிப் பார்ப்பது என்பதையும் கற்றுக்கொண்டேன்.

தவழ்ந்த பிறகு

தவழத் தொடங்கினால் துளையில் உராய்வு கூடும். ஒவ்வொரு மாலையும் வெதுவெதுப்பான நீரால் துடைத்து, உலர்த்தி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் சிவந்து ஈரமாகத் தசை வளர்ந்தால் பயப்பட வேண்டாம். உராய்வால் வருவது அது, மருத்துவர் மருந்து வைத்துக் கரைத்துவிடுவார். ஆனால் டியூப் எங்கோ தளர்வாக ஆடுகிறது என்பதற்கு அது அடையாளம், உங்கள் கட்டும் முறையை மாற்றுங்கள். சிவப்பு பரவினாலோ சீழ் வந்தாலோ தொட்டால் அழுதாலோ காய்ச்சல் அடித்தாலோ அன்றே காட்டுங்கள்.

எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் குழந்தைகள் அறுவைப் பிரிவு இருக்கிறது, அரசு மருத்துவமனை என்பதால் செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளுக்கு மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் அரசால் நடத்தப்படுகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனத்திலும் சிறு குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறார்கள். கோட்டூர்புரத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான வித்யாசாகர் என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. "டியூப் எடுத்த பிறகு பிசியோதெரபிக்குப் போகலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எப்போது எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. குழந்தையின் இந்த மாதங்கள் திரும்பி வராது.

விழுங்கப் பழக்கும் பயிற்சியாளர் அனுமதித்திருந்தால், தரை நேரத்தில் வாய்க்கும் வேலை கொடுங்கள். சுத்தம் செய்த பொம்மையை வாயில் வைக்கட்டும், கடிக்கட்டும். டியூப் குழந்தைகள் பலருக்கு வாயில் எதுவும் படுவதே பயமாக இருக்கும். தரையில் தானே எடுத்து வாயில் வைத்ததை அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

எழுந்து நிற்கும்போது

நன்றாகத் தவழும் குழந்தை ஒருநாள் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து நிற்கும். அன்றே உங்கள் கட்டை மாற்ற வேண்டும். இதுவரை முழங்கால்தான் எதிரி, இனி மேசை விளிம்பு. நிற்கும் குழந்தையின் வயிறு சரியாக நாற்காலி இருக்கையின் உயரத்தில் வரும், அதில் சாய்ந்து சறுக்கி இறங்கும்போது டியூப் விளிம்பில் மாட்டும். சுருட்டிய டியூபை வயிற்றுக்கு முன்னிருந்து எடுத்து, விலா வழியாகத் தோள்பட்டைக்குப் பின்னால் கொண்டுபோய், அங்கே உடையின் உட்பக்கத்தில் சிறு பை ஒன்று தைத்து அதற்குள் வையுங்கள். பை மூன்று விரல் அகலம் போதும். வாய் மேல்பக்கம் திறந்திருக்கட்டும், பால் நேரத்தில் உடையைக் கழற்றாமலே முனையை எடுத்துவிடலாம்.